ரீடு காயக் கூடாது

அவர் வாயில் எப்போதும் ஒரு பிரம்புத் துண்டு கிடக்கும். ஒரு விரல் நீளம், நாக்கு வழிக்கிற தகட்டில் பாதி அகலம், ஒரு முனை மட்டும் காகிதமாக மெலிந்திருக்கும். அதற்கு ரீடு என்று பெயர். சாக்ஸபோனின் வாய்ப்பக்கத்தில் அதை வைத்து இறுக்கி ஊதினால்தான் சத்தம் பிறக்குமாம். வாசிக்கிற ரீடு தனியாக டப்பாவில் இருக்கும். வாயில் கிடப்பது தேய்ந்து ஓய்ந்த பழசு. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வாயில், டீக்கடையிலும் வாயில், வாடகை கொடுக்க வரும்போதும் வாயில். பேச வேண்டுமென்றால் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். அதனால் அவர் பேச்சில் சகரமெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவதாக நினைத்து 'ஷிஷ்டர்' என்பார். மாடியில் குடியிருந்த பசங்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணி வரவில்லை என்றாலும் ஷிஷ்டர், கரண்டு போனாலும் ஷிஷ்டர். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

பென்னலூரில் எங்கள் நிலமெல்லாம் கம்பெனிக்குப் போன பிறகு வீட்டுக்கு மேலேயே வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தோம். குடியிருந்தவர்கள் முக்கால்வாசி திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள். ஒரு நாள் வெயிலில், கையில் கறுப்புப் பெட்டியோடு இவர் வந்து நின்றார். ஐம்பதை எட்டப்போகிற வயசு. தலையைப் படிய வாரி, பழைய சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்.

"ரூம் இருக்குதா ஷிஷ்டர்?"

"வாயில இன்னாத்த போட்டுக்கினு பேசுற? மாவாவா? பொகயில மாவா போடுறவங்களுக்கு இங்க ரூம் கெடையாது."

அவர் நாக்கை நீட்டிக் காட்டினார். நாக்கின் மேல் இந்தத் துண்டு உட்கார்ந்திருந்தது. வாசலுக்கு வந்த மனுஷன் என்னிடம் நாக்கை நீட்டுகிறாரே என்று நான் திகைத்துப் போய்விட்டேன்.

"இது காயக் கூடாது ஷிஷ்டர். காஞ்சா உதடு இத மறந்துடும். கப்பல்லேர்ந்து எப்ப கூப்புடுவாங்கன்னு தெரியாது. ரெடியா இருக்கணும்."

பெரம்பூரில் சர்ச் பேண்டில் ஊதக் கற்றுக்கொண்டவராம். அப்புறம் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்து, அதிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாக் கப்பல் பேண்டுக்குப் போனாராம். கொரோனாவில் கப்பலெல்லாம் நின்றதும் ஊர் வந்து சேர்ந்தவர், இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் பார்ட் எடுத்துக் கொடுக்கிற கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். ரீடை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் பதில். அதற்கப்புறமும் சொல்ல முடியாத எதையாவது கேட்டால் இதே கன்னம் மாற்றல்தான்.

"ஒண்ணு மொதல்லயே சொல்லிடுறேன். நான் ஊதுவேன். அதனாலதான் இதுக்கு முன்னாடி இருந்த வூட்டுலல்லாம் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"நாயனமா? ஊதுங்களேன். மங்களகரமாத்தான கீது" என்று சொல்லி ரூமைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊதினார். அம்மாடி! கீழே அடுப்படியில் இருந்த பாத்திரமெல்லாம் கூடச் சேர்ந்து பாடியது. அடுத்த நிமிஷம் மாடியில் கதவெல்லாம் திறந்து, கண் சிவந்த பையன்கள் லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். எல்லாரும் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு அப்போதுதான் படுத்தவர்கள்.

சரி, காலையில் வேண்டாம், மத்தியானம் ஊதுகிறேன் என்றார். மத்தியானம் தூங்குகிறவர்கள் வேறு பேர். சாயங்காலம் என்றார். அது ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் குட்டித் தூக்கம் போடும் நேரம். ராத்திரியைப் பற்றிப் பேசவே வேண்டாம். எங்கள் ஊரில் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. எந்த மணியை எடுத்தாலும் யாராவது ஒருத்தன் செத்த பிணமாகத் தூங்கிக்கொண்டிருப்பான். ஒருத்தரும் தூங்காத நேரம் என்று ஒன்று இங்கே கிடையாது. அவர் அதை நம்பவே இல்லை. எங்கேயாவது ஒரு இடுக்கு இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தார்.

ஏரிக்கரைக்குப் போனார். ஊத ஆரம்பித்ததும் நாய்கள் சூழ்ந்துகொண்டு ஊளையிட்டன. லாரி நிறுத்துகிற மைதானத்துக்குப் போனார். டிரைவர்கள் கைதட்டினார்கள், ஆனால் அவர்கள் அடித்த ஹாரனில் அவருக்கே அவர் வாசிப்பது கேட்கவில்லை. சாக்ஸபோனின் அகன்ற வாய்க்குள் துண்டைத் திணித்து, தலையணையைக் கட்டி, போர்வைக்குள் புகுந்து ஊதிப் பார்த்தார். வியர்த்துக் கொட்டி வெளியே வந்து, "மூச்சு திரும்பி என் மூஞ்சிலயே அடிக்குது ஷிஷ்டர்" என்றார்.

கடைசியில் ஊதாமல் வாசிக்க ஆரம்பித்தார். கட்டிலில் உட்கார்ந்து, விரல்களால் வாத்தியத்தின் துளை மூடிகளை மட்டும் அழுத்துவார். டப், டப், டப்டப். அவர் ரூமில் கூட இருந்தவன் முத்துராசு, சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், நைட் ஷிப்ட் ஆள். அவனுக்கு அதுவும் பொறுக்கவில்லை. என்னிடம் வந்து நின்றான்.

"நீங்களே சொல்லுங்க அக்கா. ராப்பூரா நின்னுட்டு வந்து இப்பந்தான் படுக்கேன். காதுகிட்ட டப்பு டப்புன்னு தட்டுதாரு. மனுசன் ஒறங்க வேண்டாமா? நாளைக்கு லைன்ல கண்ணு சொக்கி மெஷினுக்குள்ள கைய குடுத்தேன்னா யார் பாப்பா?"

அவன் கேட்டதில் தப்பே கிடையாது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் வீட்டுக்காரி யாரைத் திட்டுவாள்?

இந்த அல்லாட்டத்திலும் அவரிடம் சங்கீதம் பேசினால் முகம் வேறாகிவிடும். ஜாஸ் என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாட்டுன்னா கவர்மென்ட் பஸ் ஷிஷ்டர். எந்த ஸ்டாப்புல நிக்கும்னு ஏறும்போதே தெரியும். ஜாஸு ஷேர் ஆட்டோ. யாரு கை காட்னாலும் நிக்கும், சந்துல பூந்து போவும், பெட்ரோல் பங்க்குல நுழைஞ்சு வெளிய வரும். ஆனா ஒரகடம் ஒரகடம்னு கூவி ஏத்துனா ஒரகடத்துலதான் எறக்கி வுடணும். எறக்கி வுடத் தெரியாதவன் ஜாஸ் வாசிக்கக் கூடாது."

"ஷேர் ஆட்டோவுல போயி எனுக்கு இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம்" என்றேன்.

"அதுவும் உண்டு" என்று சிரித்தார்.

இன்னொரு நாள், தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வர வேண்டும், அதுதான் ருசி என்றார். "பின்னாடின்னா லேட்டு இல்ல ஷிஷ்டர். எல்லாரும் போய் உக்காந்தப்புறம் மெதுவா வந்து உக்கார்றது." இதையே ஸ்டோரில் சூப்பர்வைசரிடமும் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் இவர் கணக்கில் அரை நாள் லீவு போட்டுவிட்டான். அதைச் சொல்லும்போதும் சிரிப்புத்தான்.

வாத்தியத்தை மட்டும் தொட விடமாட்டார். ஒருதரம் பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு அதன் பளபளப்பைத் தடவப் போனேன். மாட்டைப் பிடித்து இழுக்கிற மாதிரி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஒவ்வொரு மூடிக்கும் அடியில் தோல் மெத்தை ஒட்டியிருக்கிறது, ஈரம் பட்டால் அது உப்பிக்கொள்ளும், மூடி சரியாக உட்காராது, காற்று கசிந்துவிடும் என்றார். "பஞ்சரான ட்யூப்ல காத்தடிக்கிற மாதிரி ஆயிடும் ஷிஷ்டர். எவ்ளோ ஊதினாலும் சத்தம் வராது."

அப்புறம் அந்தச் சாவு. தெருக்கோடியில் ஒரு பெரியவர் தவறிப்போனார். பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிறவர் வரவில்லை என்று என் வீட்டு வாசலுக்கு வந்து இவரைக் கேட்டார்கள். போனார். பாடைக்கு முன்னால் நடந்தபடி அவர் ஊதியதை நான் எங்கள் வாசலில் நின்று கேட்டேன். மாசக்கணக்கில் போர்வைக்குள் அடைத்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், பிறகு முன்னைவிட அதிகமாக அழுதார்கள். செத்தவரின் மகன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

திரும்பி வந்தவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு பண்ணிட்டேன் ஷிஷ்டர். அவங்க அப்பனப் பறிகொடுத்துட்டு அழுதுக்கினு போறாங்க. எனுக்கு சந்தோஷமா இருந்துச்சு. எவ்ளோ நாள் கழிச்சு முழு மூச்சு வுட்டேன் தெரியுமா?"

அது போகட்டும் என்று விட்டேன். ஆனால் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "ஊர்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லையா ஷிஷ்டர்?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா மனுஷன்யா நீ? வெளங்குமா? யார் சாவான்னு வாசல்ல வந்து கேக்குற?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. ரீடு கன்னம் மாறவில்லை, அவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார். அந்தக் கண்ணில் வெட்கப்படுவதற்குக்கூட எதுவும் மிச்சம் இல்லை. இந்த ஆள் இப்படியே போனால் தாங்க மாட்டார் என்று பயந்தேன்.

அந்தப் புரட்டாசியில்தான் அழைப்பு வந்தது. கப்பலில் கூட வாசித்த சிநேகிதர் போன் செய்திருந்தார். ஒரு கப்பலுக்கு சாக்ஸபோன் வாசிக்க ஆள் வேண்டுமாம், ஏஜென்டுக்கு வீடியோ அனுப்ப வேண்டுமாம். ஒரே பாட்டு, நடுவில் வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, கீழ்க்கோடியிலிருந்து உச்சிவரை வாத்தியத்தின் எல்லா சுரமும் வர வேண்டும், பின்னால் வேறு சத்தம் இருக்கக் கூடாது. ஐம்பது தாண்டியவர்களைக் கப்பல்காரர்கள் எடுப்பதில்லை. இவருக்கு அந்த வருஷக் கடைசியில் ஐம்பது முடிகிறது.

"இது போச்சுன்னா அப்புறம் இல்ல ஷிஷ்டர்" என்றார். இரண்டாம் தரம் சொல்லவில்லை.

எடுத்த வீடியோவெல்லாம் பாழ். ஒன்றில் கன்டெய்னர் லாரி பின்னால் வருகிற பீப் பீப். ஒன்றில் என் மிக்சி. ஒன்று கடைசி வரை நன்றாகப் போய், முடிகிற இடத்தில் முத்துராசுவின் குரல், "அண்ணாச்சி, போதும் அண்ணாச்சி, கும்புடுதேன்." அதை எனக்குப் போட்டுக் காட்டிவிட்டுக் கண்ணில் தண்ணி வருகிற அளவுக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரம்பூரில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய் வாசியுங்களேன் என்றேன். ரீடு கன்னம் மாறியது.

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆயுத பூஜை. வருஷத்தில் அந்த ஒரு நாள் இந்த ரோடு முழுக்க மெஷினெல்லாம் நிற்கும், லாரி ஓடாது, ஷிப்ட் கிடையாது. தூங்க வேண்டியவன் எவனும் இல்லை. ஏஜென்ட் கொடுத்த கெடு அன்று ராத்திரியோடு முடிகிறது. முந்தின நாள் பசங்களையெல்லாம் கூட்டி வைத்து அவர் விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு மத்தியானம் ஒரே ஒரு பாட்டு, அதற்கு மட்டும் சத்தம் போடாமல் இருங்கள் என்று கை கூப்பினார். பசங்கள் முகம் தொங்கிப்போனது. இத்தனை நாள் கத்தியதெல்லாம் அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. முத்துராசு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை அவர் முடி வெட்டி ஷேவ் செய்துகொள்ள ஸ்ரீபெரும்புதூர் போனார். வீடியோவில் வயசு தெரியக் கூடாதாம். வெளியே ஊர் அப்படி ஒரு அமைதியாக இருந்தது. ரோடு ரோடாகப் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. ஒரு இன்ஜின் சத்தம் இல்லை. நான் வல்லக்கோட்டை முருகனுக்கு, இந்த ஆளுக்கு அந்தக் கப்பலைக் கொடுத்துவிடப்பா என்று வேண்டிக்கொண்டு அர்ச்சனை வைத்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் வாசலில் பூஜை. பைக்குகளெல்லாம் கழுவி மாலை போட்டு நின்றன. வாழைக்கன்று, பொரி, கடலை. எல்லாவற்றுக்கும் நடுவில், மணைப்பலகையில் வாழையிலை போட்டு, அதன் மேல் சாக்ஸபோன். பசங்கள் அதை ரூமிலிருந்து எடுத்து வந்து ஈரத் துணியால் பளபளவென்று துடைத்திருந்தார்கள். தீர்த்தம் தெளித்திருந்தார்கள். ஒவ்வொரு மூடியிலும் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு மூடியைக்கூட விடவில்லை. விளிம்பில் சந்தனம் உள்ளே வழிந்திருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுக்குள் நுழைந்துவிட்டார். வழுவழுவென்று ஷேவ் செய்த முகம், வெள்ளைச் சட்டை.

"வாங்க அண்ணாச்சி, வாங்க! பாருங்க எப்படி இருக்குன்னு" என்று முத்துராசு ஓடி வந்தான். "எங்க வண்டிக்கெல்லாம் வைக்கதுக்கு முன்னாடி இதுக்குத்தான் பொட்டு வச்சோம். இத்தன நாளும் ஏசுனதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. கப்பல் ஒங்களுக்குத்தான், பாத்துக்கிடுங்க."

அவர் வாத்தியத்தைப் பார்த்தார். பிறகு முத்துராசுவைப் பார்த்தார். சர்ச்சுக்குப் போகிற மனுஷன், தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். "ரொம்ப அழகா பண்ணிக்கீறீங்கப்பா" என்றார்.

அதை எடுக்கக் குனிந்தபோது இன்னொரு பையன் பதறினான். "அண்ணாச்சி, பூசையில வச்சத நாளைக்குத்தான எடுக்கணும்?"

"எடுத்துக்கினு போங்க நீங்க" என்று நான் கத்தினேன். "சாமி கோச்சிக்கினா என்னாண்ட வந்து கோச்சிக்கட்டும்."

மாடியில் அவர் ரூமுக்கு நானும் போனேன். பஞ்சை வைத்து, குச்சியை வைத்து, ஒவ்வொரு மூடியாகத் துடைத்தார். தோலெல்லாம் ஊறி மஞ்சளாகியிருந்தது. ஊதினார். மேல் சுரங்கள் வந்தன. கீழே இறங்க இறங்கச் சத்தம் கிழிந்து, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. சென்னையில் வாத்தியம் பழுது பார்க்கிறவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்த ஆளின் குரல் எனக்கும் கேட்டது.

"இன்னிக்கா? டூல்ஸ் எல்லாம் பூஜைல வெச்சுட்டேனே சார். தொட முடியாது. நாளைக்கு எடுத்துக்கினு வாங்க, மொத வேலையா பாத்துத் தரேன்."

அவர் போனைக் கட்டிலில் வைத்தார். வாயிலிருந்த பழைய ரீடை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து நல்ல ரீடை எடுத்துக் கட்டினார். போனை அலமாரியில் சாத்தி வைத்து என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

மாடிப்படி முழுக்கப் பசங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் இருமல் வந்து வாயைச் சட்டையால் பொத்திக்கொண்டான். உள்ளே அவர் வாசித்தார். நன்றாக இருந்ததா, சரியாக இருந்ததா, எனக்குச் சொல்லத் தெரியாது. மேல் சுரங்களிலேயே சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு தரமும் கீழே இறங்கப் பார்த்தார், இறங்கும் இடம் இல்லை, மறுபடி மேலே ஏறினார். ஏதோ சந்தில் புகுந்து வேறு பக்கமாக வந்து பார்த்தார். அங்கேயும் வழி இல்லை. எனக்கு அந்த ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்துவிட்டது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். கடைசி சுரத்தை அவர் கீழேதான் வைத்தார். சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்து, அது முடிகிற வரைக்கும் ஊதினார்.

பசங்கள் கைதட்டிய தட்டில் தெருவே திரும்பிப் பார்த்தது.

பதில் இரண்டு நாளில் வந்தது. அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்தார். முத்துராசு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, கப்பல்காரங்கதானா? என்ன போட்டிருக்கு?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரீடு இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது.

"ஷெலக்ட் ஆயிட்டேன்ப்பா" என்றார்.

முத்துராசு அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். சந்தனம் வைத்த கை ராசியான கை என்று மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினான். அவரும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த மாசம் ரூமைக் காலி செய்தார். பசங்கள் காசு போட்டு ஒரு புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார்கள். பெட்டியை முத்துராசுதான் பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிப் போனான். என்னிடம், "போய்ட்டு வரேன் ஷிஷ்டர்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

போன தை மாசம் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஷிப்ட் விட்டு ஒரு கம்பெனி பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். சாம்பல் நிற யூனிபாரம், கழுத்தில் கார்டு. அதில் ஒருத்தர் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். தாடி வெளுத்திருந்தது.

"நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?" என்றார்.

யாரோ வேற்று ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு எழுத்துகூட வழுக்கவில்லை. நான் அவர் வாயைத்தான் பார்த்தேன். கன்னம் இரண்டும் ஒட்டிக் கிடந்தது.

"வாத்தியம் இன்னாச்சு?" என்று கேட்டேன்.

"இருக்கு. கட்டிலுக்கு அடியில இருக்கு."

"ரிப்பேர் பண்ணிக்கினு ஊதலாமில்ல?"

பழக்க தோஷத்தில் நாக்கு கன்னத்துக்குள் ஒருதரம் துழாவிவிட்டு வந்தது. அங்கே தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை.

"முத்துராசு எப்படி இருக்கான் சிஸ்டர்? அந்தப் பசங்ககிட்ட மட்டும் என்னைப் பார்த்தேன்னு சொல்லிடாதீங்க. நல்ல மனசோட செஞ்சாங்க."

என் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடையில் நின்று மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது முத்துராசு நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பூஜை முடிந்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஓடிவிட்டது, இன்னும் வாரத்துக்கு ஒருதரம் கேட்பான். அன்றைக்கும் கேட்டான்.

"அக்கா, அண்ணாச்சிட்ட இருந்து எதும் சேதி உண்டா?"

"வந்துச்சுப்பா" என்றேன். "கப்பல்ல நல்லா வாசிச்சிக்கினு கீறாராம். உன்னத்தான் கேட்டாரு."